பெயர் சொல்லிக் கூப்பிட்டால்

1

சென்ற நவம்பரில் ஒரு நாள், லண்டனுக்கு வெளியே உள்ள ஒரு பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்புப் பிள்ளைகள் முழுவதையும் காணவில்லை என்று தீயணைப்பு வண்டி, பொலிஸ், அம்புலன்ஸ் எல்லாம் வந்து நின்றன. பிள்ளைகள் எங்கும் போய்விடவில்லை. என்னோடுதான் இருந்தார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், வேலியோரம் தண்ணீர் வடிகிற கானில், சேற்றில் குப்புறப் படுத்திருந்தார்கள். படுக்க வைத்தவள் நான்.

அன்று நான் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு நிரந்தர வேலை கேட்டு நேர்முகத் தேர்வுக்குப் போயிருந்தேன். எனக்கு ஐம்பத்தொரு வயது. பெண் பார்க்க வந்த இடத்தில் பெண்ணின் அம்மாவை அலங்கரித்து உட்கார வைத்த மாதிரி இருந்தது என் கோலம்.

நடந்ததைக் கேள்விப்பட்ட இங்குள்ளவர்கள் எனக்குப் பைத்தியம் என்றார்கள். சிலர் அதை மரியாதையாகச் சொன்னார்கள். இலங்கையில் எங்கள் றக்வானைப் பக்கத்து ஆட்கள் நீங்கள் இதை வாசித்தால், "டீச்சர் செஞ்சது சரிதானே, இதுல என்னா இருக்கு?" என்று கேட்பீர்கள். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

2

முதலில் என் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன். இங்கே எனக்குப் பெயர் 'சப்ளை டீச்சர்'. எந்தப் பள்ளிக்கூடத்தில் எந்த ஆசிரியருக்குக் காய்ச்சல் வருகிறதோ, அங்கே அன்றைக்கு மட்டும் அவருக்குப் பதிலாகப் போக வேண்டும். ஏஜென்சிக்காரி காலை ஏழு மணி வாக்கில் போன் பண்ணுவாள். அதற்கு முன்பே குளித்து, உடுத்தி, சப்பாத்தும் போட்டுக்கொண்டு போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். போன் அடிக்காத நாட்களில் அந்தச் சப்பாத்தைக் கழற்றும்போது வருகிற ஆத்திரத்தை யார் மேல் காட்டுவது? சமையலறைப் பாத்திரங்கள்தான் வாங்கிக் கட்டிக்கொள்ளும்.

பதில் டீச்சர் வருகிறாள் என்றால் பிள்ளைகளுக்குத் திருவிழா. ஒரு பள்ளிக்கூடத்தில் பத்து வயதுப் பையன் ஒருவன் நாற்காலியைத் தூக்கி என் முகத்தில் எறிந்தான். புருவத்துக்கு மேலே தையல் போட்டார்கள். "அவனுக்கு வீட்டில் சிரமங்கள்" என்று தலைமை ஆசிரியர் விளக்கினார். எனக்கும் வீட்டில் சிரமங்கள் உண்டு, நான் நாற்காலி எறிவதில்லை என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிவிட்டேன். பதில் டீச்சர் வாயைத் திறந்தால் மறுநாள் போன் அடிக்காது.

இன்னொரு பள்ளிக்கூடத்தில் இரண்டு சிறுமிகள் கழிவறையில் ஒருத்தியை ஒருத்தி கொம்பாஸால் குத்திக்கொண்டார்கள். நடுவில் புகுந்த என் உள்ளங்கையில் ஒரு குத்து. பிள்ளைகளைத் தொட்டது தவறு என்று ஒரு மணி நேரம் எனக்குப் புத்திமதி நடந்தது. குத்து வாங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு தலையாட்டிக் கேட்டேன்.

இப்படி ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று ஆறு வருடம் ஓடிவிட்டது. நான் கேட்டது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. என் பெயர் எழுதிய ஒரு வகுப்புக் கதவு, கோட்டை மாட்ட ஓர் ஆணி, விடுமுறை முடிந்து திரும்பி வந்தாலும் என்னை அடையாளம் தெரிந்துகொள்கிற பிள்ளைகள். சாகிறதற்கு முன் ஒரு தடவையாவது, "இது என் வகுப்பு" என்று யாரிடமாவது சொல்ல வேண்டும் என்ற ஆசை எனக்கு வெறியாகவே இருந்தது.

3

வெறிக்குக் காரணம் உண்டு. ஊரிலும் நான் இதே பிழைப்புத்தான் பிழைத்தேன்.

எங்கள் தேயிலைத் தோட்டம் றக்வானையிலிருந்து மேலே ஏறும் ரோட்டில் இருந்தது. பழைய பிள்ளைக்காம்பராவில், அதாவது கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகிற அறையில், பள்ளிக்கூடம். ஐந்து வகுப்புகள், ஒரே கூடம். அரசாங்க ஆசிரியர் ஒருவர் இரத்தினபுரியிலிருந்து மழை பெய்யாத நாட்களில் வருவார். எங்கள் பக்கம் மழை பெய்யாத நாட்கள் எத்தனை என்று உங்களுக்குத் தெரியும். மற்ற நாட்களில் தொண்டர் ஆசிரியையான நான். சம்பளம் அவருக்கு, பிள்ளைகள் எனக்கு.

வீட்டிலிருந்தே வெளிவாரியாகப் படித்துப் பட்டமும் எடுத்தேன். தோட்டத்து வரிசை வீடான லயத்துக் காம்பராவில் குப்பி விளக்கு வைத்துப் படித்த ஒரு பொம்பளைக்கு இந்த நாட்டில் ஒரு வேலை இல்லாமலா போய்விடும் என்று நம்பினேன். நியமனத்துக்கான நேர்முகத் தேர்வுக்கு இரத்தினபுரி போனால், மேசைக்குப் பின்னால் இருந்தவர் என் தாள்களைப் புரட்டிவிட்டு, "வயச வெடி நே, நோனா" என்றார். வயது கூடிவிட்டதாம். அவர்கள் வருடக்கணக்காக நேர்முகத் தேர்வே வைக்காமல் இழுத்தடித்ததில் கூடிய வயது அது.

வெளியே என் வீட்டுக்காரர் மரியதாஸ் நின்றுகொண்டிருந்தார். தோட்டத்து பெக்டரியில் கொழுந்து காயப்போடுகிற பகுதியில் வேலை. என் நேர்முகத் தேர்வுக்காகத் தன் கல்யாணச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"என்னா சொன்னான்?"

"வயசு கூடிப் போச்சாம்."

"அப்ப நம்ம பிள்ளைகளுக்குப் படிக்கிற வயசு கொறைஞ்சா போச்சு? மறுபடி கூப்பிடுவான் பாரு. கூப்பிடாட்டி நானே உள்ள போயி மேசையத் தட்டுறேன்."

மேசையைத் தட்ட வேண்டிய தேவை வரவில்லை. நெடுநாள் தொண்டர்களுக்கு வயதைப் பார்க்கப் போவதில்லை என்று பிறகு அறிவித்தார்கள். மாதக் கடைசியில் நியமனம் உறுதி என்று அதே அலுவலகத்திலிருந்து சொல்லியனுப்பினார்கள். மரியதாஸ் லயம் முழுக்கத் தேங்காய்ப் பாறை இனிப்பு கொடுத்துவிட்டு வந்தார். கையில் வாங்கு முன்னமே எதுக்கு இந்த ஆட்டம் என்று திட்டினேன். "நீ வாங்கினாத்தானா? ஊரே வாங்கின மாதிரிதான்" என்றார்.

4

எங்கள் தோட்டத்தில் பிள்ளைகளுக்கு அரிச்சுவடிக்கு முன்பே சொல்லிக்கொடுக்கிற பாடம் ஒன்று உண்டு. கலவரம் என்றால் ரோட்டில் ஓடாதே. லயத்துக்குள் ஓடாதே, கூரையோடு கொளுத்துவார்கள். காலையில் வேலைக்குப் பேர் பதிகிற பிரட்டுக்களத்தில் கூட்டமாக நிற்காதே. தேயிலைக்குள் இறங்கு, மழைத்தண்ணீர் ஓட வெட்டிய கானில் குப்புறப் படு. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் பேசாதே. தெரியாதவன் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டான். தெரிந்தவன்தான் கூப்பிடுவான். இரண்டு கலவரங்களில் எரிந்த சனம் தன் செலவில் படித்த பாடம் இது.

நியமனம் வரவிருந்த அந்த மாதம் ஒரு நாள், கீழே சிங்களக் கிராமத்து ஆள் ஒருவரை றப்பர் காட்டுக்குள் யாரோ வெட்டிப் போட்டிருந்தார்கள். கொன்றது தோட்டத்துப் பொடியன்கள் என்று மத்தியானத்துக்குள் கதை பரவிவிட்டது. யார் கொன்றது என்று இன்று வரை தெரியாது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

பள்ளிக்கூடம் விடுகிற நேரம். தாய்மார் எல்லாம் மேல்மலையில் கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்தார்கள். மரியதாஸ் பெக்டரியிலிருந்து வெறுங்காலோடு ஓடி வந்தார்.

"ஜெசிந்தா, பிள்ளைகள எறக்கு. கீழேருந்து டிரெக்டர்ல வாறானுக."

அவர் சொல்லி முடிப்பதற்குள் கீழ் வளைவில் 'ஹூ' என்ற கூக்குரல் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களுக்கு நான் விவரிக்க வேண்டாம். பிள்ளைகளைப் பின் கதவால் தேயிலைக்குள் இறக்கினோம். ஒரு சத்தம் இல்லை. முதலாம் வகுப்புப் பிள்ளைகூட முழங்காலில் ஊர்ந்து போய்க் கானில் படுத்தது. என் மகள் அஞ்சலாவுக்கு அப்போது ஒன்பது வயது. அவளைப் பக்கத்தில் போட்டு, அவள் வாயை என் உள்ளங்கையால் பொத்திக்கொண்டேன். எனக்கு அடுத்தாற்போல் மரியதாஸ்.

முதலில் பள்ளிக்கூடம் எரிந்தது. பிறகு லயம். தகரம் சூட்டில் வெடிக்கிற சத்தம், நாய்களின் ஊளை. கட்டிலோடு கிடந்த கறுப்பையாத் தாத்தாவை வெளியே இழுத்துப்போட்டு வெட்டினார்கள். அவர் சிங்களத்தில் கெஞ்சினார், எங்களில் பலரையும்விட நல்ல சிங்களத்தில். வெட்டு நிற்கவில்லை.

அப்புறம் ஒரு குரல், எங்கள் தமிழில்.

"தாஸ் அண்ணே! டீச்சர்! வெளிய வாங்க. பொலிசு வந்துருச்சு. பயப்படாம வாங்க."

பியசேன முதலாளியின் குரல். சந்தியில் கடை வைத்திருந்தவர். சித்திரை வருசத்துக்கு எங்களுக்குக் கொக்கிஸ் பலகாரம் அனுப்புவார், நத்தார்ப் பண்டிகைக்கு நாங்கள் கேக் கொடுப்போம். அஞ்சலா பிறந்தபோது வேன் பிடித்து என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் அவர்தான்.

மரியதாஸ் தலையைத் தூக்கினார். நான் அவர் சாரத்தைப் பிடித்தேன்.

"போகாதீங்க."

"பியசேன பொய் சொல்லமாட்டான்டி. பொலிசு வந்துட்டா பிள்ளைகளக் கொண்டு போயிடலாம்."

என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு எழுந்தார். தேயிலைச் செடிகளுக்கு இடையில் எனக்குப் பியசேன தெரிந்தார். முகம் முழுக்கக் கண்ணீர். அவர் முதுகோடு ஒட்டி ஒருவன் நின்றான். அவன் கையிலிருந்த மன்னாக் கத்தி பியசேனவின் இடுப்பில் இருந்தது.

மரியதாஸும் அதைப் பார்த்துவிட்டார். திரும்பி ஓடியிருந்தால் எங்கள் மேல்தான் வந்து விழுந்திருப்பார். அவர் ஓடவில்லை. கானை விட்டு விலகி, செடிகளை ஒதுக்கிக்கொண்டு, நேரே ரோட்டைப் பார்த்து நடந்தார். அவர் பின்னால் தேயிலையில் வேறு ஒரு உயிரும் இல்லை என்பது போல நடந்தார். "நான் மட்டுந்தான் இருக்கேன்" என்று சிங்களத்தில் சொன்னது எனக்குக் கேட்டது.

ரோட்டில் வைத்து வெட்டினார்கள். முதல் வெட்டுக்கு அவர் கத்தினார். பிறகு கத்தவில்லை. வெட்டு விழுகிற சத்தம் மட்டும் வந்துகொண்டே இருந்தது. அஞ்சலா என் உள்ளங்கையைக் கடித்தாள். இரத்தம் வரும் வரை கடித்தாள். கையை நான் எடுக்கவில்லை. கானில் கிடந்த பிள்ளைகளில் ஒன்றுகூட அசையவில்லை. அன்று அந்தப் பிள்ளைகள் எல்லாம் உயிரோடு தாய்மாரிடம் போய்ச் சேர்ந்தார்கள்.

5

பொலிஸ் உண்மையில் வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. இரு தரப்புக் கைகலப்பு என்று எழுதிக்கொண்டார்கள். எங்கள் தரப்பின் கையில் என்ன இருந்தது என்று கேட்டேன். அதை எழுதவில்லை.

கோயில் மண்டபத்தில் அகதியாக இருந்தபோது பியசேன ஒரு மூட்டை அரிசியோடு வந்தார். மூட்டையைக் கிழித்து அவர் காலடியிலேயே கொட்டினேன். "என் பிள்ளைகளையும் பிடிச்சு வச்சிருந்தானுக, டீச்சர்" என்றார். அவர் சொன்னது உண்மை. அவரை மன்னித்தேனா என்று என்னிடம் யாரும் கேட்க வேண்டாம். அவர் செத்துப்போனதாகப் பிறகு கேள்விப்பட்டபோது ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. அது துக்கமா வேறு எதுவா என்று எனக்கே தெரியாது.

குடும்பங்கள் குருவிட்ட, கலவான என்று சொந்தக்காரர் இருந்த பக்கமெல்லாம் சிதறின. பிள்ளைகள் இல்லாததால் பள்ளிக்கூடத்தை மூடினார்கள். பள்ளிக்கூடம் இல்லாததால் நியமனமும் இல்லை என்று இரத்தினபுரியில் சொன்னார்கள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பதை இத்தனை சட்டப்படி யாரும் எனக்கு விளக்கியதில்லை.

தம்பி லண்டனில் இருந்தான். அவன் காலைப் பிடித்து, கையைப் பிடித்து இங்கே வந்து சேர்ந்தோம். அகதி விசாரணையில் அதிகாரி ஒரு வரைபடத்தை விரித்து, யுத்தம் நடக்கிற இடத்தைக் காட்டச் சொன்னார். நான் றக்வானையைக் காட்டினேன். "இங்கே யுத்தம் இல்லையே" என்றார். "இல்லைதான். ஆனால் என் புருஷன் இங்கேதான் செத்தார்" என்றேன். யுத்தம் இல்லாத இடத்தில் வெட்டுப்பட்டவனுக்கு அவருடைய தாள்களில் ஒரு கட்டம்கூட இல்லை. அதற்கு ஒரு கட்டம் கண்டுபிடிக்க அவர்களுக்கு மூன்று வருடம் ஆனது. அது வரை அலுவலகங்கள் கூட்டித் துடைத்தேன். என் பட்டம் பட்டம்தான் என்று ஒப்புக்கொள்ள மேலும் கொஞ்ச காலம் எடுத்தார்கள்.

நம் ஆட்களும் சளைத்தவர்கள் இல்லை. தமிழ்க் கடையில் என் பேச்சைக் கேட்டுவிட்டு, "நீங்கள் இந்தியாவோ?" என்பார்கள். "இல்லைங்க, றக்வானை" என்றால், "அது எவடம்?" என்று அடுத்த கேள்வி வரும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போன அஞ்சலா, 'ஆமா'வை விட்டு 'ஓம்' என்று சொல்லத் தொடங்கினாள். எங்கள் ஊர்ப் பேச்சைப் பாதி இங்கிலிஷ் தின்றது, மீதியை யாழ்ப்பாணம் தின்றது. இப்போது பத்தொன்பது வயது, கல்லூரிக்குப் போகிறாள். கானில் படுத்த அந்த மத்தியானத்தைப் பற்றி இந்தப் பத்து வருடத்தில் அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் கிளறவில்லை.

6

இனி நவம்பர் காலைக்கு வருகிறேன்.

தலைமை ஆசிரியை மிஸிஸ் ஹேவுட் நல்ல மனுஷி. என் வயதைக் கேட்டு உதட்டைப் பிதுக்காத முதல் ஆள். எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு நான் பாடம் எடுக்க வேண்டும், அவர் பின்னால் உட்கார்ந்து பார்ப்பார். ரொட்டியைப் பங்கு போடுகிற மாதிரி தாளை மடித்துப் பின்னம் சொல்லிக்கொடுத்தேன். பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு மடித்தார்கள். அவர் சிரிப்பதை ஓரக்கண்ணால் பார்த்தேன். வேலை கிடைத்துவிட்டது என்று என் வயிறு சொன்னது. இடையில் யாரோ அவரை அலுவலகத்துக்கு அழைத்தார்கள். "நீங்கள் நடத்துங்கள்" என்று கையைக் காட்டிவிட்டுப் போனார்.

கொஞ்ச நேரத்தில் கூச்சல் கேட்டது. ஜன்னலால் பார்த்தேன். மைதான வேலியோரம் ஒரு மோட்டார் சைக்கிள் எரிந்துகொண்டிருந்தது, கறுப்புப் புகை. வெளியாள் ஒரு பொடியன் வேலி ஏறி உள்ளே குதித்து ஓடினான். அவனைத் துரத்திக்கொண்டு இன்னும் மூன்று பேர் குதித்தார்கள். ஒருவன் கையில் இரும்புத் தடி, இன்னொருவன் கையில் இருந்தது வெயிலில் மின்னியது. அந்த நேரம் பார்த்துத் தீ மணி அலறத் தொடங்கியது.

தீ மணி அடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பிள்ளைகளை மைதானத்துக்குக் கொண்டுபோய், கோடு போட்ட இடத்தில் வரிசையாக நிறுத்த வேண்டும். பெயர் கூப்பிடுவார்கள், பதில் சொல்ல வேண்டும். எத்தனையோ பள்ளிக்கூடங்களில் அந்த ஒத்திகையைப் பிசகாமல் செய்திருக்கிறேன். அன்று புகை வருவதும் கத்தி நிற்பதும் அதே மைதானத்தில். அங்கேயா பிள்ளைகளை வரிசையாக நிறுத்துவது?

பின் கதவைத் திறந்தேன். பிள்ளைகளைக் குனிந்தபடி ஓடச் சொன்னேன். புல்வெளிக்கு அப்பால் புதர் வேலி, அதன் அடியில் தண்ணீர் வடிகிற கான். "படுங்கள். முகம் கீழே. யார் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் பேசக் கூடாது" என்றேன். என் குரலில் என்ன இருந்ததோ, ஒரு பிள்ளைகூட மறு கேள்வி கேட்கவில்லை. எல்லோரும் படுத்தார்கள். நானும் படுத்தேன்.

மணி நின்றது. சைரன்கள் வந்தன. அதற்கும் பிறகு மிஸிஸ் ஹேவுட்டின் குரல். "மிஸிஸ் மரியதாஸ்! மிஸிஸ் மரியதாஸ், எங்கே இருக்கிறீர்கள்? எல்லாம் முடிந்துவிட்டது, வெளியே வாருங்கள்!" அழுகிற குரல். புதருக்கு இடையால் பார்த்தேன். அவருக்குப் பின்னால் கறுப்பு உடுப்போடு ஒரு ஆண் நின்றான். முகம் தெரியவில்லை. நான் பதில் சொல்லவில்லை. அவர் இன்னும் இரண்டு தரம் கூப்பிட்டார். என் பக்கத்தில் இருந்த பிள்ளை பதில் சொல்ல வாயெடுத்தது. அதன் வாயைப் பொத்தினேன்.

கோடியில் கிடந்த ஒரு சிறுமிக்கு இழுப்பு வந்துவிட்டது. மூச்சு விசிலடிக்கிற சத்தம் கேட்டுத்தான் எங்களைக் கண்டுபிடித்தார்கள். அந்தக் கறுப்பு உடுப்புக்காரர் பொலிஸ்காரர். ஓடி வந்து சிறுமியைத் தூக்கிக்கொண்டு அம்புலன்சுக்கு ஓடினார். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து பிழைக்க வைத்தார்கள். அந்தப் பிள்ளைக்கு ஏதாவது நடந்திருந்தால் நான் இதை எழுத உயிரோடு இருந்திருக்க மாட்டேன்.

மைதானத்தில், எங்கள் வகுப்பு வரிசையாக நிற்க வேண்டிய அதே கோட்டின் மேல், துரத்தப்பட்ட பொடியன் குத்துப்பட்டுக் கிடந்தான். தொடையிலிருந்து இரத்தம் பீறிட்டதை முதலில் வரிசைக்கு வந்த மற்ற வகுப்புப் பிள்ளைகள் பார்த்துவிட்டார்கள். அவர்களில் சிலர் இன்னமும் தூங்குவதில்லை என்கிறார்கள். என் வகுப்புப் பிள்ளைகள் சேற்றை மட்டும்தான் பார்த்தார்கள்.

7

பெற்றோர் இரண்டாகப் பிரிந்தார்கள். பாதிப் பேர் பூங்கொத்து அனுப்பினார்கள், மீதிப் பேர் முறைப்பாடு எழுதினார்கள். ஏஜென்சிக்காரி போன் பண்ணுவதை நிறுத்தினாள். இரண்டு வாரம் கழித்து மிஸிஸ் ஹேவுட் வரச் சொன்னார். வேலை இன்னும் திறந்துதான் இருக்கிறது, ஒரு விஷயம் பேசித் தீர்க்க வேண்டும் என்றார்.

அஞ்சலாதான் என்னைப் பழக்கினாள். சமையலறை மேசையில் எதிரே உட்கார்ந்து மிஸிஸ் ஹேவுட் மாதிரி கேள்வி கேட்டாள்.

"அடுத்த முறை மணி அடிச்சா மைதானத்துக்குப் போவீங்களா?"

"போவேன்."

"பெயர் கூப்பிட்டா பதில் சொல்லுவீங்களா?"

நான் துணியை எடுத்து மேசையைத் துடைக்கத் தொடங்கினேன்.

"அம்மா, 'யெஸ்' எண்டு மட்டும் சொல்லுங்க. ஒரு சொல்லு. உங்களுக்கு அந்த வேலை வேணும்தானே?"

"வேணுந்தான்."

"அப்ப சொல்லுங்க!"

கத்திவிட்டு, என் கையை இழுத்து மேசை மேல் திருப்பிப் போட்டாள். உள்ளங்கையில் அவள் பல் பதிந்த தழும்பு இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு 'ஓம்', 'யெஸ்' எல்லாம் போய், பத்து வருடத்துக்கு முந்திய பேச்சில் சொன்னாள்: "அப்பா எந்திரிச்சுப் போகாம இருந்திருக்கலாம்ல." அன்று நாங்கள் இருவரும் அழுதது பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைத் தட்டுகிற அளவுக்குப் போய்விட்டது.

மறுநாள் மிஸிஸ் ஹேவுட் எனக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். நடந்ததை முழுக்கச் சொன்னேன், மரியதாஸ் ரோட்டைப் பார்த்து நடந்தது வரை. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்கள் அன்று பிள்ளைகளை மைதானத்துக்குக் கொண்டு வராதது சரி என்றே நினைக்கிறேன். மேலிடத்தில் அதற்காக நான் பேசுவேன்" என்றார். "ஆனால் நான் கூப்பிட்டபோது நீங்கள் பதில் சொல்லவில்லை. அந்தப் பிள்ளைக்கு மூச்சு முட்டிக்கொண்டிருந்தது. எனக்கு ஒரே ஒரு உறுதி வேண்டும். இனி நான் உங்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், பதில் சொல்வீர்களா?"

ஒரு சொல்தான். கதவில் என் பெயர், சுவரில் என் ஆணி, வருடம் முழுக்க என் பிள்ளைகள், எல்லாம் அந்த ஒரு சொல்லுக்கு அப்பால் இருந்தன. அது பொய்யாக இருந்தாலும் அவருக்குத் தெரிய வராது. ஆனால் அவர் நல்ல மனுஷி. என்னை நம்பி ஒரு வகுப்பு முழுக்கப் பிள்ளைகளைத் தரப்போகிறவர். பொய்யை நம்பி எழுந்து போனவரின் பெண்சாதி நான்.

"சொல்வேன், மிஸிஸ் ஹேவுட்" என்றேன். "உங்கள் முதுகுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்த பிறகு சொல்வேன்."

அவர் தேநீர்க் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார். பிறகு, தன்னை அறியாமலே, திரும்பித் தன் முதுகுக்குப் பின்னால் பார்த்தார்.